ஏழாம் ரூம் பிள்ளைகள்

ராமருக்குச் சந்தேகம் வந்தது ஒரு கட்டு முருங்கைக்கீரையால்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சந்தைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பிய அவன் மனைவி நாகஜோதி ஒன்றரை மணிக்குத்தான் திரும்பினாள். பையிலிருந்த கீரை துவண்டு, இலை கறுத்துக் கிடந்தது. சந்தை, திருப்பூர் மண்ணரையில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். போய்வர அரை மணி நேரம். கீரையை முதலிலேயே வாங்கிவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் எங்கே இருந்தாள்?

"கீர ஏன் இப்பிடி வாடிக் கெடக்கு?" என்றான்.

"வெயிலு."

"வெயிலா? காலையில இருந்து மூட்டம் போட்டுக் கெடக்கு."

"அப்ப வாங்கும்போதே வாடியிருந்திருக்கும். இப்ப ஆயவா, குப்பையில போடவா? திங்கிறவக நீங்க, நீங்களே சொல்லுங்க."

"ஆயி."

கேட்க வேண்டியதை அவன் கேட்கவில்லை. கீரையைப் பற்றிக் கேட்டான். அவன் அப்படித்தான். ஒன்றைக் கேட்டால் ஒரு பதில் வரும், வந்த பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயப்படுகிற ஆள். அதனால் கேட்காமலேயே மனதுக்குள் போட்டு ஊறவைப்பான்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து அவன் திருப்பூர் வந்து பதினோரு வருசம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினோரு வருசத்தில் எட்டு வருசம் நைட் ஷிஃப்டிலேயே போய்விட்டது. நிட்டிங் யூனிட்டில் நாலு வட்ட மிஷினுக்கு அவன் ஒருத்தன். மேலே கூம்பு கூம்பாக நூல் சுற்றும், கீழே துணி குழாயாக இறங்கும். நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், ஊசி உடைந்தால் மாற்ற வேண்டும். மற்ற நேரத்தில் மிஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நிற்கிறவனுக்கு யோசிக்கத்தான் நேரம். யோசித்து யோசித்து ஒன்றுமில்லாததையும் பெரிதாக்கிவிடுவான்.

காலையில் தலைமுடியில் பஞ்சோடு அவன் வீட்டுக்குள் நுழையும்போது நாகஜோதி டிபன் பாக்ஸோடு வாசல்படியில் நிற்பாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, புரட்டி, கழுத்து, கை, பக்கத் தையல் என்று கண்ணால் தடவி, பழுது இருக்கிற இடத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளுவாள். ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு உருப்படி. அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், எதிர் இலைக்காரன் சட்டையில் தையல் விட்டிருக்கிறது என்பாள். ஒருமுறை பல்லடம் பஸ்ஸில் முன்சீட்டு ஆளின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அவன் முதுகுல என்னடி படமா ஓடுது?"

"தோள் தையல் கோணிப்போயிருக்கு. பாத்துட்டு எப்பிடிச் சும்மா இருக்க? அவருகிட்டச் சொல்லிறலாமா?"

"சொல்லு. சொல்லிட்டு அப்பிடியே அவங்கூடப் போயிரு."

அன்றைக்குச் சிரித்தார்கள். இப்போது அதையும் எடுத்து வைத்துக்கொண்டு ராமர் யோசித்தான்.

அடுத்த ஞாயிறும் அவள் தாமதமாகத்தான் வந்தாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து ஆளே மாறிப்போனாள். தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தாள். கம்பெனியிலிருந்து போன் வந்தால் அதையே வெறித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். ஊரில் அவளுடைய அம்மாவிடம் வளர்கிற மகள் பாண்டீஸ்வரியிடம் சனிக்கிழமை தோறும் அரை மணி நேரம் பேசுகிறவள், இரண்டு நிமிசத்தில் போனை வைத்தாள்.

"ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கம்பெனியில எதுவும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. போய்ப் படுங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு."

ஒண்ணுமில்ல என்று இரண்டு முறை சொன்னால் ஏதோ இருக்கிறது. இது ராமரின் கணக்கு.

மூன்றாவது ஞாயிறு அவள் கிளம்பிய ஐந்து நிமிசத்தில் அவனும் கிளம்பினான். நொய்யல் பாலத்தில் மழைத் தூறல். கீழே சாயத் தண்ணீர் அன்றைக்குக் கருநீலமாக நுரைத்துக்கொண்டு போனது. பாலத்தைத் தாண்டி இரண்டாவது சந்தில், ஜெராக்ஸ், எஸ்டிடி, பிரவுசிங் என்று போர்டு போட்ட கடைக்குள் அவள் நுழைந்தாள். ராமர் எதிர்ப் பேக்கரியில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நின்றான். வெளியே வந்தவளின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. வீட்டில் அவன் பார்க்காத சிரிப்பு.

அவள் சந்து திரும்பியதும் கடைக்குள் போனான். பலகைத் தடுப்பு வைத்த ஆறு கம்ப்யூட்டர்கள். கல்லாவில் ஐம்பது வயதுக்காரர், திருநீறு பூசியவர். சிவசுப்பிரமணியம் என்று அவர் பேரையே ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்து வைத்திருந்தார்.

"வாங்க. பிரவுசிங்குங்களா?"

"இப்ப ஒரு பொம்பள போச்சே. அது என்ன பாத்துச்சு?"

"ஏனுங்க, நீங்க ஆருங்க?"

"சொந்தக்காரன்."

"சொந்தக்காரரா இருந்தா அந்தம்மாகிட்டயே கேட்டுப்போடுங்க. கஸ்டமரு என்ன பாக்குறாங்க, ஏது பாக்குறாங்கன்னு நான் சொல்லக்கூடாதுங்க."

"தனியாத்தான் வருதா?"

"நெட்டுப் பாக்க வர்றவங்க எல்லாருந் தனியாத்தானுங்க வருவாங்க. கொட்டு மேளத்தோடயா வருவாங்க?"

கூச்சத்தோடு வெளியே வந்தான். மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனதும் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தான். கல்யாணப் புடவைக்குக் கீழே, பாலிதீன் கவரில் ஒன்பது தாள்கள். எல்லாம் இங்கிலீஷ். தாளின் ஓரத்தில் அவள் பேனாவால் எழுதிவைத்த தமிழ்ச் சொற்கள் இருந்தன. 'நம்பிக்கை', 'மறுபடியும்', 'காத்திருக்கிறேன்'. இங்கிலீஷ் சொற்களுக்கு அர்த்தம் எழுதியிருக்கிறாள் என்று புரிந்தது. ஆனால் என்ன மாதிரி அர்த்தங்கள் இவை? எழுத்துக் கூட்டி அவனால் படிக்க முடிந்தது ஒரே ஒரு பேர். தாமஸ். ஒன்பது தாளில் பதினேழு இடத்தில் தாமஸ் இருந்தான். விரல்விட்டு எண்ணினான்.

அவன் யூனிட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் கதிர்வேல் ஒருத்தர்தான். சூப்பர்வைசர், ஓனருக்கு மச்சான் முறை, பி.காம். நூல்காரன், கம்பெனிக்காரன் எல்லாரோடும் போனில் அவர்தான் பேசுவார். மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து, மற்றவர்கள் முகம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், ராமர் கவரை அவரிடம் நீட்டினான்.

"அண்ணே, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும். இந்தத் தாமஸு ஆரு?"

கதிர்வேல் டீ கிளாஸை மிஷின் மேடையில் வைத்துவிட்டு வாயை அசைத்து அசைத்துப் படித்தார். முதல் தாள் முடிவதற்குள் சிரிப்பில் குலுங்கினார்.

"யோவ் ராமரு! தாமசுக்கு ஏழு வயசுய்யா."

"என்னண்ணே சொல்றீக?"

"நியூசிலாந்துல ஒரு பள்ளிக்கோடம். ஏழாம் ரூமுன்னு போட்டிருக்குது. அந்தக் கிளாசுப் பசங்க எழுதறதையெல்லாம் டீச்சரம்மா நெட்டுல போட்டுடறாங்க. படிக்கிறவங்க, எந்த நாடா இருந்தாலுஞ் சரி, கீழ ரெண்டு வரி எழுதுனா பசங்களுக்கு உற்சாகமா இருக்குமாமா. அதுக்கு ஆரோ ஜோதின்னு, நம்ம இந்தியாவுல இருந்து பதில் எழுதியிருக்குது. ஆரு இது?"

ராமர் தாளை எட்டிப் பார்த்தான். "என்ன எழுதியிருக்கு?" என்றான்.

"இந்தா கேளு. ஒரு புள்ள, எங்க தாத்தா தோட்டத்துல ஆட்டுக்கு முடி வெட்டுனோம்னு எழுதியிருக்குது. இது பதில் போட்டிருக்குது பாரு, 'நல்லா எழுதியிருக்கிறாய். எங்கள் ஊரிலும் ஆடு உண்டு. நாங்கள் முடியை வெட்ட மாட்டோம், ஆட்டையே வெட்டிச் சாப்பிட்டுவிடுவோம்'னு!" கதிர்வேல் மேடையைத் தட்டிச் சிரித்தார். "இன்னொரு புள்ளைக்குப் பல்லு உழுந்துபோச்சாமா. அதுக்கு, பல்லைக் கூரை மேல வீசு, சீக்கிரம் முளைக்கும்னு யோசனை."

"தாமஸுக்கு?"

"அந்தப் பையன் மக்குப் போல. 'எனக்கு மழை பிடிக்கும்.' அவ்வளவுதான் எழுதியிருக்கறான். மத்தவங்க ஆரும் அவனுக்கு ஒண்ணும் போடலை. இது மட்டும், 'தாமஸ், எனக்கும் பிடிக்கும். மழையில் நீ என்ன செய்வாய்? இன்னும் இரண்டு வரி எழுது, காத்திருக்கிறேன்'னு போட்டிருக்குது. அடுத்த வாரம் மூணு வரி எழுதறான். அதுக்கடுத்த வாரம் அஞ்சு வரி."

 இரண்டு வாரமாக ராமர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஏழு வயசு. அவனுக்கும் சிரிப்பு வந்தது.

கதிர்வேல் எட்டாவது தாளில் சிரிப்பை நிறுத்தினார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. பசங்க பச்சைப் பனியன் போட்டுக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓடற போட்டோவப் பாத்துட்டு எழுதியிருக்குது." குரலை இறக்கிப் படித்தார். "'இந்தப் பச்சைப் பனியன் எங்கள் கம்பெனியில் செய்தது. நான் செக் செய்த ஆர்டர். தாமஸின் பனியனில் பக்கத் தையல் முறுக்கி வயிற்றுக்கு வந்திருக்கிறது. அது எங்கள் செக்கிங் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.'" தாளிலிருந்து தலையை எடுக்காமலேயே கேட்டார். "உன்ற ஊட்டுக்காரம்மா செக்கிங்குக்குத்தானே போகுது? எந்தக் கம்பெனி?"

ராமர் சொன்னான்.

"பேரு?"

"நாகஜோதி."

"ம்." கதிர்வேல் தாள்களைத் தட்டி அடுக்கினார். "நல்லா எழுதியிருக்குதுய்யா. நம்ம ஆளுக ஊட்டுல இப்படி ஒரு பொம்பளையா! இரு, ஒரு ஜெராக்ஸு எடுத்துக்கறேன். என்ற புள்ளைக்குக் காட்டலாம். இங்கிலீசு மீடியத்துல போட்டும் ஒரு வரி எழுத மாட்டீங்குது."

ராமர் சரியென்றான். நெஞ்சு லேசாகிவிட்ட மனுசனுக்கு மூளை வேலை செய்யாது. ஒரு வாரமாக யூனிட்டில் எல்லாரும் பேசிக்கொண்ட விசயம் அவனுக்கு நினைவுக்கே வரவில்லை. வெளிநாட்டுக் கடைக்காரன் பனியன் முறுக்குகிறது என்று புகார் அனுப்பிவிட்டான், உங்கள் கம்பெனிக்காரியே ஒத்துக்கொண்டாள் என்று வேறு எழுதியிருக்கிறான், இங்கிருந்து துணி எடுக்கிற நாகஜோதியின் கம்பெனிக்காரன் பழியைத் தூக்கி நிட்டிங் மேல் போட்டுவிட்டான், ஓனர் இங்கே குதித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவும் அவன் காதில் விழுந்ததுதான்.

தாள்களை இருந்த வரிசையிலேயே பாலிதீன் கவரில் போட்டு, புடவைக்கு அடியில் வைத்தான். அன்று பகல் நன்றாகத் தூங்கினான்.

நாலாம் நாள் பகல் பதினொன்றரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். நாகஜோதி நின்றாள். டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் கையில் கனத்தது.

"நிப்பாட்டிட்டாக" என்றாள்.

"எதுக்கு?"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சர்ச் ஹாலில் ஞாயிறு தோறும் நடந்த இங்கிலீஷ் கிளாஸுக்குப் அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பக்கத்து லைன் நதியாவோடு போனது. இங்கிலீஷ் எழுதப் பழக வேண்டுமென்றால் ஏழு வயசுப் பிள்ளைகளுக்கு எழுதுங்கள், அவர்களுக்கும் உங்கள் அளவுதான் தெரியும் என்று கிளாஸ் எடுத்தவர் அந்தப் பக்கத்தைக் காட்டியது. கிளாஸ் இரண்டு மாதத்தில் நின்றுபோனது. இவள் மட்டும் விடாமல் எழுதியது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீக? இங்கிலீசு படிச்சு என்ன கலெக்டராவா போகப்போறன்னு போன வருசம் சொன்னீகல்ல? அத நான் மறக்கல. செக்கிங்குக்கு மேல, தரம் பாக்குற கியூசி வேலைக்கு இங்கிலீசுல ரிப்போர்ட் எழுதத் தெரியணும். பொங்கலுக்கு மேல ஒரு எடம் காலியாகுது. நேரா எடத்த வாங்கிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"அதுக்கு ஊரான் பிள்ளைகளுக்கு எழுதணுமா? நம்ம பிள்ளைக்கு எழுதுனயா?"

"பாண்டீஸ்வரிக்கு எழுதுனா ஆரு படிச்சுக் காட்டுவா? எங்கம்மாவா?" கண்ணைத் துடைத்தாள். "மொதல்ல பழகத்தான் எழுதுனேன். பெறகு அப்பிடி இல்ல. அதுல ஒரு பய, ஒரு வரிக்கு மேல எழுத மாட்டான். நான் கேட்டாத்தான் எழுதுவான். நம்மள ஒருத்தன் எதிர்பாத்துக்கிட்டு இருக்கான்னு நெனைச்சா..." அதை முடிக்கவில்லை. "பனியனப் பாத்ததும் கை சும்மா இருக்கல. தப்புன்னு கண்ணுல பட்டா ஸ்டிக்கர் ஒட்டியே பழகின கையி. எழுதிட்டேன்."

"முறுக்கு செக்கிங்ல எங்கடி தெரியும்? அது துவைச்சாத்தான் தெரியும். அது துணியோட கொணம். நீ ஏன் ஒந் தப்புன்னு எழுதுன?"

"புள்ள போட்டிருக்கான், ஆராச்சும் மன்னிப்புக் கேக்கணும்ல?"

அவள் டிபன் பாக்ஸைச் சுவரோரம் நகர்த்தினாள்.

"வெளிநாட்டுக் கடைக்காரன் மெயில் வந்த அன்னைக்கே ஜோதின்னு பேரு உள்ள நாலு பேத்தையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டாக" என்றாள். "எனக்கு ஏபிசிடிகூடத் தெரியாது சார்னு சொன்னேன். மேனேஜர் சிரிச்சாரு. இது எங்க எழுதப்போகுதுன்னு போகச் சொல்லிட்டாரு. கியூசி கனவு அன்னைக்கே போச்சு. வேலையாவது நிக்கும்னு பாத்தேன். இன்னைக்கு ஜெராக்ஸக் கொண்டாந்து மேசையில போடுறாரு. நான் ஓரத்துல எழுதுன தமிழோட. ஏபிசிடி தெரியாதவ இவ்வளவு எழுதிருக்கயேம்மாங்குறாரு."

ராமர் தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் பெட்டியை இழுத்துக் கவரைப் பார்த்தாள். தாள்களை எண்ணினாள். "எங்கிட்ட உள்ளது எல்லாம் இருக்கு. அப்ப எனக்குத் தெரியாம ஆரோ எடுத்து ஜெராக்ஸ் போட்டிருக்காக. நான் எழுதுறது நதியாவத் தவிர ஒருத்திக்கும் தெரியாது. போன மாசம் ஒரு ராத்திரி, படிச்சுட்டுத் தாரேன்னு வாங்கிட்டுப் போனா."

"அவளா இருக்காது."

"பெறகு ஆரு? நீங்களா? உங்களுக்கு இங்கிலீசும் தெரியாது, நான் எழுதுனதும் தெரியாது. இந்த விசயத்துல சந்தேகப்பட முடியாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவன், "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் நதியா கம்பெனி விட்டு வந்ததும் நாகஜோதி வாசலிலேயே மறித்தாள். ராமர் உள்ளே படுத்திருந்தான்.

"கியூசி எடத்துக்காகத்தான போட்டுக் குடுத்த?"

"யக்கா, என்ன பேசுத? எனக்கு என்ன இங்கிலீசு தெரியும்னு எனக்கு அந்த எடத்தத் தரப்போறாவ?"

"தாள வாங்கிட்டுப் போனது ஆரு?"

"நான் மறுநாளே தந்துட்டம்லா? எம் பிள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன், ஒருத்தருக்கும் காட்டல."

"பிள்ளைய இழுக்காத. உன்னையக் கிளாஸுக்குக் கூட்டிப்போனதே நான்."

"ஆமா, நீதான் கூட்டிட்டுப் போன. அதுக்குத்தான் இப்ப செருப்பால அடிக்க." நதியாவின் குரல் உடைந்தது. "ரெண்டு வருசமா ஒரே மேசையில நின்னோம். உனக்கு என்னைய இவ்வளவுதான் தெரியுமாக்கா?"

ராமர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான். வேலைக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

யூனிட்டில் கதிர்வேல் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "ராமரு, வர்ற திங்கக்கெழமையில இருந்து நீ பகல் ஷிஃப்டு. ஓனரே சொல்லிப்போட்டாரு."

"என் வீட்டுக்காரிய நிப்பாட்டிட்டாகண்ணே."

"கேள்விப்பட்டேன். நான் என்னய்யா பண்றது? அவனுக பழியப் பூரா நம்ம துணி மேல போட்டானுக. அவனுக செக்கிங்கே தப்புன்னு ஒத்துக்கிட்ட காயிதம் கையில இருக்கறப்போ காட்டாம இருப்பமா? காட்டலைன்னா இந்த யூனிட்டையே மூடிட்டுப் போகோணும். உனக்கும் எனக்குஞ் சோறு இதுலதானே?"

"முறுக்கு துணிதாண்ணே. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். வெளிய போய்ச் சொல்லீராத." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "எட்டு வருசமாப் பகல் ஷிஃப்டு கேட்டியல்ல, எடுத்துக்க."

எடுத்துக்கொண்டான்.  வீட்டில் நாகஜோதி, "திடீர்னு எப்பிடிக் குடுத்தாக?" என்று கேட்டபோது, "பகலுக்கு ஆளு பத்தல" என்றான். அவள் அவனை ஒரு நிமிசம் பார்த்தாள்.

அவள் மறுபடி சந்தைக்குப் போகவில்லை, பிரவுசிங் சென்டருக்கும் போகவில்லை. கடைக்காரர் மேலும் சந்தேகம், பழைய கிளாஸ்காரர் மேலும் சந்தேகம். காதர்பேட்டையில் ஒரு பனியன் கடைக்கு மடித்துப் பாக்கெட் போடுகிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே பழுது தேடுகிற வேலை இல்லை. வருகிற சரக்கு எல்லாமே பழுதுச் சரக்குதான். நதியா எதிரே வந்தால் தெருவின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டாள். தண்ணீர்க் குழாயடியில் மற்ற பெண்களும் நதியாவோடு பேச்சைக் குறைத்தார்கள். ராமர் பகலில் வேலை பார்த்து இரவில் வீட்டில் படுத்தான். தூக்கம் வரவில்லை.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிறு. மழை விட்டிருந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது ராமர் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

சிவசுப்பிரமணியத்துக்கு அவனை அடையாளம் தெரிந்தது. "சொந்தக்காரருங்களா? வாங்க."

"புருஷன்" என்றான் ராமர். "அந்தப் பிள்ளைக பக்கத்தத் திறந்து காட்டுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்தார். திரையில் வெளுத்த தலைமுடியோடு இருபது பிள்ளைகள் வெறுங்காலில் புல்லில் நின்றார்கள். பச்சைப் பனியன் ஒன்றுகூட இல்லை.

"அந்தம்மா பேரே போட்டிருக்குதுங்க" என்றார். "'ஜோதி ஆன்ட்டி எங்கே போய்விட்டீர்கள்? மூன்று வாரமாக உங்களைக் காணோம். வருகிற வெள்ளிக்கிழமையோடு எங்கள் வகுப்பு முடிகிறது, இந்தப் பக்கமும் முடிகிறது. தாமஸ் உங்களுக்காக ஒரு முழுப்பக்கம் எழுதியிருக்கிறான்'னு டீச்சரம்மா எழுதியிருக்காங்க."

"என்ன எழுதியிருக்கான்?"

"எல்லாம் மழையப் பத்தித்தானுங்க. கூரையில விழுகிற சத்தம், பூட்ஸுக்குள்ள தண்ணி போறது, நாய் நனைஞ்சா வர்ற நாத்தம். நெம்ப நல்லா இருக்குதுங்க. கடைசியில, 'ஆன்ட்டி, இது போதுமா, இன்னும் எழுதவா?'ன்னு கேட்டிருக்கறான்."

ராமர் திரையைப் பார்த்தபடியே இருந்தான். "நான் சொல்றத இங்கிலீசுல போடுவீகளா?"

"சொல்லுங்க."

"நான் ஜோதியோட புருஷன் ராமர். அவ எழுதாததுக்குக் காரணம் நான். அவ எழுதுனதச் சந்தேகப்பட்டு இன்னொருத்தர்கிட்டக் குடுத்தது நான். அதனால அவளுக்கு வேலை போயிருச்சு. நதியா ஒண்ணும் செய்யல."

சிவசுப்பிரமணியம் தட்டுவதை நிறுத்தினார். "ஏனுங்க, சின்னக் குழந்தைங்க. அதுகளுக்கு எதுக்குங்க இதெல்லாம்? நதியா ஆருன்னு அதுகளுக்கு என்ன தெரியும்?"

"பிள்ளைகளுக்கு இல்லீங்க."

அவர் அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அடித்தார். முடிந்ததும் ராமர், "நான் சொன்னதுதான் இருக்கா?" என்றான்.

"அதேதானுங்க."

"என் பேரு எங்க இருக்கு? அவ பேரு? நதியா?" ஒவ்வொரு பேர் மேலும் விரலை வைத்துக் காட்டச் சொல்லி, எழுத்துக் கூட்டிப் பார்த்தான். பேர்கள் இருந்தன. நடுவில் இருந்ததை நம்பத்தான் வேண்டியிருந்தது.

"அனுப்பிட்டேனுங்க. ஆனா டீச்சரம்மா பாத்துட்டு உட்டாத்தான் வெளிய தெரியும். உடலாம், உடாமயும் போகலாம். அவங்க இஷ்டம்."

அது ஒரு வகையில் ராமருக்கு வசதியாக இருந்தது. முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரி கையில் ஒப்படைத்துவிட்டான். அவள் விட்டால் விடட்டும். வீட்டுக்கு நடக்கும்போது நடை கொஞ்சம் சுலபமாக இருந்தது.

நாகஜோதி அடுப்பில் கருவாட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, "எங்க போனீக?" என்றாள்.

"பிரவுசிங் சென்டருக்கு."

கரண்டி நின்றது. "உங்களுக்கு அங்க என்ன சோலி?"

"நீ ஒரு நடை போய்ப் பாரு. பிள்ளைக உன்னையத் தேடிருக்காக. வெள்ளிக்கிழமையோட பள்ளிக்கூடம் முடியுதாம். தாமஸு ஒரு முழுப்பக்கம் எழுதியிருக்கான்."

அவள் முகத்தில் முதலில் அந்தச் சிரிப்பு வந்தது. பேக்கரி வாசலில் நின்று அவன் பார்த்த சிரிப்பு. "முழுப்பக்கமா? தாமஸா?" என்றாள். பிறகு அது மெல்ல வடிந்தது. ஒரு பனியனை விரித்துப் பார்க்கிற கண்ணோடு அவனைப் பார்த்தாள்.

"ஒரு வரிக்கு மேல எழுதாதவன் தாமஸுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கடைக்காரரு படிச்சுச் சொன்னாரு."

"இன்னைக்கு எழுதுனதப் படிச்சிருப்பாரு. அவன் முந்தி எழுத மாட்டான்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? முழுப்பக்கம்கிறத ஏன் இவ்வளவு பெருசாச் சொல்றீக?" கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஒரு பயன்னுதான் சொன்னேன். பேரு சொல்லல."

ராமர் டீச்சரம்மாவை நினைத்தான். அந்த ஊரில் இப்போது ராத்திரி, அவள் இன்னேரம் தூங்கப் போயிருப்பாள்.

"பகல் ஷிஃப்டு ஏன் குடுத்தாக?" என்றாள் நாகஜோதி.

"கதிர்வேல்கிட்டத் தாளக் குடுத்தது நான்" என்றான். "தாமஸு ஆருன்னு தெரிஞ்சுக்கக் குடுத்தேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். ஊருக்குப் பஸ் ஏறுவாள் என்றுகூட எதிர்பார்த்தான். அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தாண்டி, செருப்புப் போடாமல் வெளியே போனாள்.

பக்கத்து லைனின் மூன்றாவது கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "நதியா" என்று அவள் கூப்பிட்டாள். கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள். கதவு திறக்கிற சத்தத்துக்காக ராமர் வெகுநேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.